எங்களைக் கேட்டீர்களா?

"சிறு திருத்தந்தானே!" என்ற சொல் காதில் விழுந்தவுடனே மலைநாட்டுத் தமிழன் விழித்துக்கொள்ள வேண்டும். பெரிய சட்டம் வரும்போது மேடைகள் அதிரும். பாராளுமன்றத்தில் வாதப் பிரதிவாதம் நடக்கும். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் தலைப்புப் போடும். சிறு திருத்தமோ ஓசையின்றி வரும். வர்த்தமானியின் ஒரு மூலையில் இரண்டு வரியாக அடங்கிக் கிடக்கும். பிறகு ஒரு நாள் காலையில், ஹட்டன் சந்தியில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தரின் கையில் தண்டச் சீட்டாக உருவெடுக்கும். "ஐயா, இந்த விதி எப்போது வந்தது?" என்று முச்சக்கர வண்டிக்காரர் கேட்பார். விதி வந்து நெடுநாளாகியிருக்கும். அவரிடம் சொல்வாரும் இல்லை. அவரைக் கேட்டாரும் இல்லை.

வீதிப் போக்குவரத்து விதிகள் பெரும்பாலும் இவ்வாறுதான் பிறக்கின்றன. விளக்கு எத்தனை, ஆசனம் எத்தனை, பஸ் எத்தனை மணிக்கு, லொறியில் யார் ஏறலாம், எந்தப் பாதையில் எந்த வண்டி போகலாம் என்பவையெல்லாம் கொழும்பில் ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குச் சில்லறை விஷயங்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தச் சில்லறை விஷயம் தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிது என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

விதியே வேண்டாம் என்று நாம் எழுதவில்லை. விதி செய்யுமுன் எம்மைக் கேளுங்கள். எமது மொழியில் கேளுங்கள். நாம் சொன்னதற்கு விடை கூறுங்கள் என்பதே நமது கோரிக்கை.

ஓர் எழுத்தின் கதை

சிறு திருத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமது வரலாறே சாட்சி. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. அதை அடுத்து 1957இன் தொடக்கத்தில், புதிதாகப் பதியும் மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' இடம்பெறலாயிற்று. போக்குவரத்து அலுவலகத்தின் கணக்கில் அது எத்துணைச் சிறிய மாற்றம்! ஒரு தகடு, அதில் ஓர் எழுத்து, அவ்வளவே.

ஆனால் தமிழ் மக்களின் இசைவைப் பெறாமல் அவர்களுடைய வண்டியின் நெற்றியில் பொறித்த எழுத்து அது. 1958 ஜனவரி 1ஆம் நாள் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. ஸ்ரீ தகடு தாங்கிய சபை பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டதும் அந்த எழுத்தின்மீது தார் பூசும் இயக்கம் மூண்டது. தெற்கே தமிழ் எழுத்துகளின்மேல் தார் விழுந்தது. அந்தத் தீ மலைநாட்டையும் தொட்டது. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் பலியானார்கள். அதே மாதம் 9ஆம் நாள் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்து மே மாதத்தில் நாடெங்கும் நடந்த கொடுமைகளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஓர் எழுத்துத்தான் அத்தனைக்கும் காரணம் என்று கூறுவது வரலாற்றைக் குறுக்குவதாகும். ஆயினும் கேளாமல் இட்ட ஒரு போக்குவரத்து விதி, முன்னமே புண்பட்டிருந்த நெஞ்சில் எப்படி வேலாகப் பாய்ந்தது என்பதை மறக்க முடியுமா? பின்னாளில் ஸ்ரீ தகடு வழக்கொழிந்தது. ஆங்கில எழுத்துகள் திரும்ப வந்தன. பொகவந்தலாவையில் மாண்ட இருவர் திரும்பி வரவில்லை.

அன்று தோட்டத் தொழிலாளியைக் கேட்க வேண்டும் என்ற கடமையே அரசுக்கு இருக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவரை வாக்கற்றவராக்கியிருந்தன. இன்று அந்தச் சாக்கு இல்லை. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமைக் கதவு திறந்தது. வாக்குக் கேட்டு லயத்து வாசலுக்கு வருகிறவர்கள், விதி செய்யும்போது கருத்துக் கேட்டு வருவதற்கு என்ன தடை?

மூடுபனியும் மேசை விதியும்

அண்மைக் காலத்துச் சங்கதிக்கு வருவோம். 2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு சேர்த்து, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் தரத்துக்கு மாறாகப் பொருத்திய உதிரிகளையும் விளக்குகளையும் அகற்றும் நடவடிக்கையைப் பொலிசார் தொடங்கினார்கள். பஸ் உரிமையாளர் சங்கங்களும் முச்சக்கர வண்டிச் சாரதிகளும் குரல் எழுப்பினார்கள். அதன் பிறகே பேச்சு நடந்தது. அதன் பிறகே கால அவகாசம் கிடைத்தது. முதலில் ஆணை, பிறகு எதிர்ப்பு, கடைசியில் பேச்சு என்ற இந்த வரிசை தலைகீழானது அன்றோ?

நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் எதிரே வளைவில் வருகிறவனைக் குருடாக்கும், பள்ளத்தில் தள்ளும். ஆனால் தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு மாலையில் வண்டி ஓட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். நானுஓயாப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் பாதை இருக்கிறதா, பாதாளம் இருக்கிறதா என்று தெரியாது. அங்கே தாழப் பொருத்திய ஒரு பனி விளக்கு ஆடம்பரப் பொருள் அன்று. அஃது உயிர் காக்கும் கருவி. எந்த விளக்கு அலங்காரம், எந்த விளக்கு அவசியம் என்பதைப் பிரித்துச் சொல்லக் கூடியவர் அந்தச் சாரதிதான். அவரைக் கேட்டுச் செய்தால் விதி கூர்மை பெறும். கேளாமல் செய்தால் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டும்.

அதே 2025இன் ஆகஸ்டில் மற்றொரு விவகாரம் எழுந்தது. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களுக்கும் தனியார் பஸ்களுக்கும் கூட்டு நேர அட்டவணை கொண்டுவரும் ஏற்பாட்டை எதிர்த்துச் சபை ஊழியர் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அமைச்சர் ஒரு பக்கம் பேசினார். சங்கங்கள் ஒரு பக்கம் பேசின. தனியார் பஸ் முதலாளிகளும் பேசினார்கள். அந்த நேர அட்டவணையை நம்பி வீதியோரத்தில் நிற்கும் பிரயாணிக்காகப் பேசியவர் யார்?

கால் மணி நேரம்

பஸ் நேரத்தை மாற்றுவது எவ்வளவு சிறிய காரியம்! மாலை ஐந்தரைக்குப் புறப்படும் கடைசி பஸ்ஸை ஐந்தேகாலுக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டினத்தில் இருப்பவர் அதைக் கவனிக்கவும் மாட்டார். அடுத்த பஸ் அவருக்கு உண்டு. தோட்டத்தில் என்ன நடக்கும்? கொழுந்து நிறுத்து முடித்து, கூடையை இறக்கி, கை கால் கழுவிக் கடைக்கோ வைத்தியரிடமோ போய்வரும் தாய்க்கு அந்தக் கால் மணி நேரம் பஸ்ஸைப் பறித்துவிடும். மாலை வகுப்பு முடிந்து வரும் பெண் பிள்ளை இருட்டில் தேயிலை மலைக்கு நடுவே நாலு கட்டை நடக்க வேண்டும். இரண்டு நாள் நடப்பாள். மூன்றாம் நாள், "படித்தது போதும்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஒரு விதியின் ஒரு வரி ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடும். எந்த அறிக்கையிலும் அந்தக் கணக்கு ஏறாது.

லொறியை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றலாகாது என்பது நல்ல விதி. அதை நாம் வரவேற்கிறோம். கொழுந்து மூட்டைக்கு மேல் மனிதனை உட்கார்த்தி வளைவில் திருப்புவது மனிதத் தன்மை ஆகாது. ஆனால் நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடிய கதை மலைநாட்டில் எத்தனை குடும்பங்களில் உண்டு! லொறியைத் தடுக்கும் விதி, லொறிக்குப் பதிலாக எது வரும் என்பதையும் கூற வேண்டும். அதைக் கூறாத விதி, சட்டப்புத்தகத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு நோயாளியை வாசலில் விட்டுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பாதை யாருடையது? கம்பெனியின் பாதை என்பார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று கைவிரித்த காலம் நெடுங்காலம். 2018இல் அச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகளுக்கும் தேர்தல் நடந்தது. ஆனால் மழை பெய்தால் வாய்க்காலாகும் பாதைகள் இன்றும் குறைவில்லை. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலைநாட்டைப் பிளந்தபோது, துண்டிக்கப்பட்ட பாதைகளுக்கு அப்பால் எத்தனை ஊர்கள் தனித்து நின்றன என்பதை நாடு பார்த்தது. பாதை போட வராத அரசு தண்டம் போட மட்டும் வருமானால், மக்கள் அதை எந்தப் பெயரால் அழைப்பார்கள்?

பிணத்தின்மேல் பிறக்கும் விதி

"மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் காலம் தாழும். அதற்குள் விபத்து நடக்கும்" என்று சிலர் வாதிடுவர். இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயாவில் கொழும்புப் பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ் மோதி, வானிலும் முச்சக்கர வண்டியிலும் சென்ற 7 பேர் மாண்டார்கள். 2025 மே 11ஆம் நாள் கொத்மலை கெரண்டி எல்லையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். விதி வேண்டும், கடுமையான விதி வேண்டும். மலைப் பாதையில் நாள்தோறும் உயிரைப் பணயம் வைப்பவர்களே அதை முதலில் கேட்பார்கள்.

ஆனால் விபத்துக்குப் பிறகு அவசர அவசரமாகச் செய்யும் விதி எப்போதும் நேற்றைய விபத்தையே பார்க்கிறது. நாளைய விபத்து எங்கே காத்திருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? எந்த வளைவில் மண் சரிகிறது, எந்த மதகு வெடித்திருக்கிறது, எந்த இடத்தில் தடுப்புச் சுவர் இல்லை என்பது அந்தப் பாதையில் நாற்பது ஆண்டு நடந்த தொழிலாளிக்குத் தெரியும். அவரை முன்னமே கேட்டிருந்தால் காலம் தாழாது; காலம் மிஞ்சும். உண்மையான அவசரம் வந்தால் தற்காலிக ஆணை இடட்டும். பிறகு கருத்துக் கேட்டு நிலையான விதி ஆக்கட்டும். அதை யார் தடுத்தார்கள்?

அடுத்த வீட்டைப் பாருங்கள்

இஃது ஆகாத காரியமா? கடலுக்கு அப்பால் இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 212ஆம் பிரிவு, விதிகளை முன்கூட்டி வரைவாக வெளியிட்ட பின்னரே ஆக்க வேண்டும் என்கிறது. வரைவு வெளிவரும், ஆட்சேபம் சொல்ல நாள் குறிப்பார்கள், வந்த கருத்துகளைப் பரிசீலித்த பிறகே விதி நிலைபெறும். பஸ் பாதைத் திட்டங்களுக்கு அச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. திட்டத்தின் வரைவை அரசிதழில் மட்டும் போட்டால் போதாது. அந்தப் பகுதியில் வழங்கும் வட்டார மொழிப் பத்திரிகை ஒன்றிலாவது வெளியிட வேண்டும். 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தவருக்கு நேரில் பேச வாய்ப்பளிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு பஸ் எட்டாத ஊர்களுக்கு மினிபஸ் விடும் புதிய திட்டத்தை 2024இல் வரைவாக வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே எல்லாம் செவ்வனே நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டத்திலே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதையே சொல்கிறோம்.

கடல் கடக்கவும் வேண்டாம். நமது நாட்டிலேயே மின்கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் வாய்மொழியிலும் கேட்கிறது. 2025இன் கடைசிக் காலாண்டுக்கு மின்சார சபை 6.8 சதவீத உயர்வு கேட்டது. மக்கள் கருத்தைக் கேட்ட பின் ஆணைக்குழு அந்த உயர்வை மறுத்தது. விளக்குக்கு உள்ள மரியாதை வீதிக்கு ஏன் இருக்கலாகாது?

நமது மொழி உரிமையும் யாரிடமும் கையேந்தும் பிச்சை அன்று. சட்டங்களும் அவற்றின் கீழ் ஆக்கும் விதிகளும் சிங்களத்திலும் தமிழிலும் வெளிவர வேண்டும் என்று அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை கூறுகிறது. நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம் மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். முடிந்துபோன விதி தமிழில் வர வேண்டும் என்றால், முடிவுக்கு முன் எழும் வினாவும் தமிழில் வர வேண்டும் அன்றோ? தீர்ப்பை மட்டும் தமிழில் வாசித்துவிட்டு, விசாரணையை நமக்குப் புரியாத மொழியில் நடத்துவது என்ன நீதி?

சன்னலைப் பயன்படுத்தியவர் யார்?

இங்கே நம்மவரை நோக்கியும் ஒரு வார்த்தை கூறியே ஆக வேண்டும். கசந்தாலும் கேளுங்கள்.

2024 ஏப்ரல் இறுதியில், தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை 1,700 ரூபாயாக உயர்த்தும் பிரேரணை வர்த்தமானியில் வந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று நாளும் குறித்தார்கள். பெருந்தோட்டக் கம்பெனிகள் என்ன செய்தன? அந்த நாளைத் தவறவிடவில்லை. ஆட்சேபம் எழுதின; நீதிமன்றப் படியும் ஏறின. ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வந்தது. செப்டம்பரில் வெளியான வர்த்தமானியில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாக நின்றது. கம்பெனிகளின் வாதத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் அவர்களிடமிருந்து ஒரு பாடத்தை ஏற்க வேண்டும். அரசு ஒரு சன்னலைத் திறந்தால், அஃது எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். கடிதம் எழுத அவர்களிடம் ஆள் இருக்கிறது. நாமோ சன்னல் மூடிய பிறகு சுவரில் முட்டிக்கொள்கிறோம்.

ஒரு தோட்டத்தில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்! எத்தனை பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை போய் வந்திருக்கிறார்கள்! தொழிற்சங்கங்கள் எத்தனை, கோயில் கமிட்டிகள் எத்தனை, விளையாட்டுக் கழகங்கள் எத்தனை! போக்குவரத்து விதி ஒன்று வருகிறது என்றால், பிரட்டுக் களத்தில் பத்து நிமிடம் அதை வாசித்துக் காட்டுவதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? "எங்கள் டிவிஷனில் கடைசி பஸ் இத்தனை மணிக்கு, அதை நம்பி இத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்று ஒரு தாளில் எழுதி ஐம்பது பேர் கையெழுத்திட்டால், அஃது ஆயிரம் மேடைப் பேச்சைவிட வலிமை உடையது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. "இந்த விதியை எதன் அடிப்படையில் செய்தீர்கள்? யாரைக் கேட்டீர்கள்?" என்று எழுதிக் கேட்கலாம். கேட்டிருக்கிறோமா?

ஐந்து கோரிக்கைகள்

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை கோடிக்கணக்கில் பணம் பிடிக்கும் காரியங்கள் அல்ல.

ஒன்று: போக்குவரத்து விதியின் வரைவு எதுவாயினும், சிறிதோ பெரிதோ, முப்பது நாளுக்கு முன் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளிவர வேண்டும்.

இரண்டு: வர்த்தமானியோடு நின்றுவிடாமல், பஸ் நிலையத்திலும் தபால் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் தோட்டத்து ஆபீசிலும் அந்த வரைவை எளிய தமிழில் ஒட்ட வேண்டும்.

மூன்று: மலைநாட்டுப் பாதைகளைத் தொடும் விதியானால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்மொழிக் கருத்துக் கேட்க வேண்டும். வேலை நாளில் கேட்டால், வருகிறவருக்கு அன்றைய பேர் போய்விடும். ஒரு நாட்கூலியை இழந்துதான் ஒருவர் தம் கருத்தைச் சொல்ல வேண்டுமா?

நான்கு: வந்த கருத்துகள் இவை, ஏற்றவை இவை, ஏற்காதவை இவை, காரணம் இது என்று அரசு எழுதி வெளியிட வேண்டும். விடை வராத கேள்வி வெறும் சடங்கு.

ஐந்து: விதி வந்த முதல் மூன்று மாதம் தண்டம் வேண்டாம், எச்சரிக்கை போதும். அறியாதவரைத் தண்டிப்பது எளிது. அறிவிப்பதே அரசின் கடமை.

ஹட்டன் வீதியையும் றம்பொடைக் கணவாயையும் கொழும்பிலிருந்து வரைபடமாகப் பார்ப்பவருக்கு அவை வளைந்த கோடுகள். அந்தக் கோடுகளுக்காகப் பாறையை உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று அவற்றின் ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். பாதை வெட்ட அவர்களுடைய கையைக் கேட்டார்கள். அந்தப் பாதைக்கு விதி எழுதும்போது அவர்களுடைய வாயையும் கேட்கட்டும். கேட்காவிட்டால் நாமாகவே சொல்வோம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்; எழுதிய கைக்குத்தான் விடை வரும்.